நாற்பத்தொரு பேரும் ஒரு சம்பளச் சீட்டும்

1947ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதியன்று பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்க வாயில்களிலே புதிய அறிவிப்புப் பலகைகள் நாட்டப்பட்டன. அச்சுரங்கங்கள் அன்று தொடக்கம் மக்களின் சார்பில் தேசிய நிலக்கரி வாரியத்தால் நிருவகிக்கப்படும் என்பதே அப்பலகைகள் கூறிய செய்தி. கொடிகள் ஏற்றப்பட்டன. தனியார் முதலாளிகளின் கையினின்றும் சுரங்கம் விடுபட்டுவிட்டது. இனி வேலைநிறுத்தங்கள் குறையும், உற்பத்தி பெருகும், சுரங்கத் தொழிலாளி மனமுவந்து நிலத்தடிக்கு இறங்குவான் என்று அரசினரும் தொழிற்சங்கத்தினரும் ஒருங்கே நம்பினர்.

சில ஆண்டுகளுள் அந்நம்பிக்கை தளர்ந்தது. புதிய இயந்திரங்கள் வந்தன. ஆனால் இயந்திரம் பெருகிய அளவுக்கு நிலக்கரி பெருகவில்லை. சம்பளமும் வசதிகளும் முன்னையினும் மேம்பட்டிருந்தும் பிணக்குகள் ஓயவில்லை. தொழிலாளர் பலர் சுரங்கத்தை விட்டுத் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். எஞ்சியிருந்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நாடோறும் வேலைக்கு வராதிருந்தனர். உரிமையாளர் மாறியும் நோய் மாறாமை கண்டு வாரியம் திகைத்தது. நோய் உரிமையில் மட்டுமன்றி வேறெங்கோவும் வேரூன்றியிருந்தது. அதனைத் தேடிச் சென்றவர்கள், உளநூல் ஆராய்ச்சியாளர் சிலர்.

தொழில் நிலையங்களில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதை ஆராயும் துறை அதற்கு முன்னர் இல்லாததன்று. அமெரிக்கப் பொறியியலாளரான பிரடெரிக் டெயிலர் 1911இல் வெளியிட்ட நூலிலே, வேலையைச் சிறு துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நேரத்தையும் முறையையும் அளந்து வகுத்து, சிந்திக்கும் பொறுப்பை முகாமையிடமும் செய்யும் பொறுப்பைத் தொழிலாளியிடமும் ஒப்படைக்க வேண்டும் என்றார். 1924 தொடக்கம் 1932 வரை சிக்காக்கோ நகரையடுத்த ஹோதோண் தொழிற்சாலையில் நிகழ்ந்த ஆய்வுகளோ, தொழிலாளி தனியனல்லன், அவன் தன் தோழரோடு சேர்ந்த குழுவின் அங்கத்தவன் என்பதை வலியுறுத்தின. டெயிலர் மனிதனை வேலைக்கேற்பச் செதுக்கினார். ஹோதோண் ஆய்வாளர் அவ்வாறு செதுக்கப்பட்டவனின் மனக்குறையைக் காது கொடுத்துக் கேட்டனர். இயந்திரத்தையும் அதனைச் சூழ்ந்து மனிதரை நிறுத்திய ஒழுங்கையும் ஒருசேர எடுத்து, இவ்வொழுங்குதானா சரியானது என்று கேட்கும் துணிவு பெரும்பாலும் எழவில்லை. அக்கேள்வி நிலத்தடியிலிருந்தே எழவேண்டியிருந்தது.

இலண்டனிலே 1946ஆம் ஆண்டில் ராவிஸ்ரொக் மனித உறவு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவியோர் போர்க்காலத்தில் படை அதிகாரிகளைத் தெரிந்தெடுக்கும் பணியிலும், சிறைமீண்ட போர்வீரரை இல்வாழ்க்கைக்கு மீளப் பழக்கும் பணியிலும் அனுபவம் பெற்ற உளமருத்துவரும் உளநூலாருமாவர். அவர்களுள் ஒருவர் எரிக் ற்றிஸ்ற். கைத்தொழில் நிலையங்களில் ஆய்வு செய்யவென நிறுவனம் பயிற்றிய புலமையாளர் அறுவருள் கென் பாம்போத் என்பவர் வேறுவகையானவர். அவர் பதினெட்டு ஆண்டுகள் கரிமுகத்தில் நின்று வேலை செய்த சுரங்கத் தொழிலாளி. ஓராண்டுப் பயிற்சியின் பின், புலமையாளர் ஒவ்வொருவரும் தாம் முன்பு தொழில் பார்த்த இடத்துக்குச் சென்று, அங்கு கண்டவற்றைப் புதிய கண்ணோடு நோக்கி வந்து கூறுமாறு கேட்கப்பட்டனர். அறிவாளர் நிறுவனம் ஒன்று தொழிலாளியின் கண்ணை இரவல் வாங்கிய இச்செயல் சிறியதாகத் தோன்றலாம். பின்னர் நிகழ்ந்தவை எல்லாம் இதிலிருந்தே பிறந்தன.

பாம்போத்தும் ற்றிஸ்றும் 1951இல் வெளியிட்ட கட்டுரையை விளங்கிக்கொள்வதற்குச் சுரங்கத் தொழிலின் பழைய முறையையும் புதிய முறையையும் அறிதல் வேண்டும்.

பழைய முறையிலே கரி கையாலேயே வெட்டப்பட்டது. இருவர் சேர்ந்து ஒரு சோடி. சில இடங்களில் அவர்களோடு ஓர் இளைஞனும் உதவிக்கு நிற்பான். அச்சோடி, தான் வெட்டப்போகும் சிறு முகத்துக்குரிய கூலியைச் சுரங்க முகாமையோடு தானே பேசித் தீர்த்துக்கொள்ளும். கரியை வெட்டுதல், வண்டியில் நிரப்புதல், கூரை இடிந்து விழாமல் மரம் முட்டுக்கொடுத்தல் ஆகிய யாவும் அவர்களின் பொறுப்பே. எந்த வேகத்தில் வேலை செய்வது, எப்போது நிறுத்துவது, கூரை முனகும்போது என்ன செய்வது என்பவற்றை அவர்களே தீர்மானித்தனர். கூட்டாளியைத் தேர்ந்துகொள்வதும் அவர்களே. டறம் மாகாணத்துச் சுரங்கத்தார் இத்தகைய கூட்டாளியை ‘மரோ’ என்று அழைத்தனர். இருளில் ஒருவரது உயிர் மற்றவரது கவனத்தில் தங்கியிருந்தபடியால் அத்தெரிவு சம்பந்தம் பேசுவதற்கு ஒப்பான கவனத்தோடு செய்யப்பட்டது; பல கூட்டுகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. ஒருவர் காயமுற்றாலோ இறந்தாலோ அவர் குடும்பத்தை மற்றவர் பராமரித்தமையும் அரிதன்று.

இதனைப் பொற்காலமென்று பாடுதல் தவறு. நல்ல முகம் தமக்கு வாய்க்கவேண்டுமென்று சோடிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன, கைகலப்பும் நிகழ்ந்தது, மேற்பார்வையாளனைக் கையுக்குள் போட்டுக்கொள்வோரும் இருந்தனர். தூசியும் நீரும் இடிபாடும் அக்காலத்திலும் உயிர் குடித்தன. எனினும் வேலை தொடக்கமும் முடிவும் உடைய ஒரு முழுப்பொருளாய்த் தொழிலாளியின் கையில் இருந்தது.

பின்னர் கரிவெட்டும் இயந்திரமும் கரியை ஏந்திச் செல்லும் நகர்பட்டியும் வந்தன. இவற்றின் பயனைப் பெறவேண்டுமாயின் முகம் நீண்டதாய் இருத்தல் வேண்டும். எனவே 180 தொடக்கம் 200 யார் வரை நீளமுள்ள ஒரே முகத்தைத் தொடர்ந்து அரித்துச் செல்லும் முறை பரவிற்று. இதனை நெடுஞ்சுவர் முறை எனலாம். அந்த நீண்ட சுவரின் முன்னே ஏறத்தாழ நாற்பது பேர், இருபத்துநான்கு மணித்தியாலத்துள் மூன்று முறைகளாக வேலை செய்தனர். முதல் முறையில் வந்த பத்துப்பேர் அடிவெட்டிக் கரியைத் தளர்த்தினர். இரண்டாம் முறையில் வந்த பத்துப்பேர் நகர்பட்டியைக் கழற்றி முன்னே நகர்த்திப் பூட்டி, பாதைகளையும் கூரையையும் சீர்செய்தனர். மூன்றாம் முறையில் வந்த இருபதுபேர் தளர்ந்த கரியை வாரிப் பட்டியில் இட்டனர். இந்த நாற்பது பேருள்ளும் ஏழு வகைத் தொழில்கள். ஒருவகையார் மற்றவகையாரின் தொழிலைத் தொடுவதில்லை. ஒவ்வொரு வகைக்கும் கூலிக் கணக்கு வேறு வேறு.

தொழிற்சாலையின் கூடத்திலே இவ்வாறு வேலையைத் துண்டாக்கினால், அடுத்த துண்டத்தைச் செய்பவன் கண்ணெதிரே நிற்பான். மேற்பார்வையாளன் ஒரே பார்வையில் யாவரையும் காண்பான். நிலத்தடியிலோ நிலை வேறு. மூன்று அல்லது நான்கு அடி உயரமேயுள்ள இடுக்கில் முழந்தாளில் ஊர்ந்து வேலை செய்யும் ஒருவனுக்குப் பத்து யார் அப்பால் இருப்பவனைக்கூடக் காணமுடியாது. முதல் முறையார் வெட்டியது கோணலாய் இருந்தால், அதனால் இடர்ப்படுபவன் மூன்றாம் முறையில் வரும் நிரப்புவோன். அவன் சுரங்கத்துக்குள் இறங்கும் வேளையில் வெட்டியவன் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான். இருவரும் ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. நிரப்புவோர் தமது பங்கு முழுவதையும் வாரி முடிக்காவிட்டாலோ, அடுத்த நாளைய சுற்றுத் தொடங்க முடியாது. ஒரு மூலையில் ஏற்பட்ட சிறு தடை நாற்பது பேரின் வேலையையும் குலைத்துவிடும். இயந்திரம் நாற்பது பேரை ஒரே கயிற்றில் கட்டியது. ஒழுங்கு முறையோ அவர்களை மூன்று வேளைகளிலும் ஏழு வகைகளிலும் பிரித்துவைத்தது.

இந்நிலையில் மனிதர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைப் பாம்போத்தும் ற்றிஸ்றும் நுணுகி எழுதினர். அண்டையில் நிற்கும் இருவர் மூவர் தமக்குள் சிறு கூட்டு அமைத்து ஒருவருக்கொருவர் உதவினர். அக்கூட்டில் இடம் பெறாதவன் தனிமைப்பட்டான். சிலர் தன் காரியமே பெரிதென்று கருதி, தெரிந்ததை மறைத்து, மேலாளனிடம் சலுகை வேண்டித் திரிந்தனர். சுற்றுத் தவறும் போதெல்லாம் ஒரு முறையார் மறுமுறையாரைக் குற்றஞ்சாட்டினர். குற்றஞ்சாட்டப்பட்டவர் எதிரே இல்லாமையால் வழக்கு ஒருபோதும் தீர்வதில்லை. இவை யாவும் சலிக்கும்போது வேலைக்குப் போகாதிருத்தல் நிகழ்ந்தது. அதுவரை சோம்பல் என்றும் ஒழுக்கக்கேடு என்றும் பெயரிடப்பட்ட இந்த வராமையை, தாங்கமுடியாத சூழலில் அகப்பட்டவன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளுள் ஒன்றென அவர்கள் கண்டனர். ஏச்சாலும் அபராதத்தாலும் அது மாறாமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அதற்குமுன் கூறப்பட்டதில்லை.

நோயை விளக்கியதோடு கதை முடிந்திருந்தால் அது மற்றுமொரு நல்ல ஆராய்ச்சிக் கட்டுரையாக மட்டும் இருந்திருக்கும். பாம்போத் தமது பழைய சுரங்கத்திலே, தென் யோக்சயரில், வேறொன்றையும் கண்டிருந்தார். அங்கு ஹெய்மூர் என்னும் கரிப்படையில் கூரையைத் தாங்கும் முறை திருந்தியிருந்தமையால், நெடிய முகத்துக்குப் பதிலாகக் குறுகிய முகங்களில் வேலை செய்வது இயலுவதாயிற்று. அவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்ட தொழிலாளர், இயந்திரத்தை விலக்கிவிடாமலே, பழைய கைவேலைக் காலத்துக் கூட்டுமுறைக்குத் திரும்பியிருந்தனர். சிறு குழுக்கள் முழுச்சுற்றுக்கும் பொறுப்பேற்றன. யார் எந்த வேலையை எந்த முறையில் செய்வது என்பதைத் தம்முள் மாறிமாறி வகுத்துக்கொண்டன. மேற்பார்வை மிகக் குறைவு. அங்கே வராதோர் சிலரே, விபத்துகள் அரிது, உற்பத்தி உயர்ந்திருந்தது. இவ்வொழுங்கை வகுத்தவர் எந்த உளநூலாரும் அல்லர். தொழிற்சங்கக் கிளையினரும் சுரங்க முகாமையாளரும் கலந்து பேசி அமைத்தது அது. ஆராய்ச்சியாளர் வந்தபோது பிரச்சினைக்குத் தீர்வு ஏற்கெனவே கரிமுகத்தில் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் செய்தது அதனைக் கண்டு, அது ஏன் வெற்றி பெற்றது எனப் பெயரிட்டு விளக்கியதே. துறைநூல்கள் இக்கண்டுபிடிப்பை ஆராய்ச்சியாளரின் பேரில் எழுதிவைத்திருப்பதனால் இதனைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி, வாரியம் இச்செய்தியை இரு கைகளாலும் ஏற்றிருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்தது அதற்கு மாறானது. அவ்வட்டாரத்துக்குரிய வாரியத்தினர் ஹெய்மூர் முயற்சியின்மீது பிறர் கவனம் திரும்புவதை விரும்பவில்லை. முழு இயந்திரமயமாக்கலை விரைவுபடுத்த முகாமையின் பிடியை இறுக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணியிருந்த காலம் அது; குழுக்கள் தம்மைத் தாமே ஆளத் தொடங்கினால் அதிகாரம் கைமாறிவிடும் என்று அஞ்சினர். ஆய்வைத் தொடர அனுமதி மறுக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஹெய்மூரைப் பற்றிக் குறிப்பிடுவதற்கும் அவர்கள் இணங்கவில்லை. ஆகவே அக்கட்டுரை நோயைப் பற்றி விரிவாகவும் மருந்தைப் பற்றி மறைமுகமாகவும் பேசுவதாயிற்று. ற்றிஸ்ற் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே இவ்வரலாற்றை வெளிப்பட எழுதினார். உற்பத்தி வேண்டும் என்று நாள்தோறும் முறையிட்டவர்களே உற்பத்தி பெருகிய இடத்தைத் திரையிட்டு மறைத்தனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி.

வேறோரிடத்தில் வாயில் திறந்தது. டறம் மாகாணத்திலே சில சுரங்கங்கள், நெடுஞ்சுவரையும் நகர்பட்டியையும் வைத்துக்கொண்டே வேலையொழுங்கை மாற்றியிருந்தன. ற்றிஸ்றும் அவர் தோழரும் 1950களின் நடுப்பகுதி தொடக்கம் அங்கு ஆய்வு நிகழ்த்தினர். அங்கே அவர்களுக்கு அரியதொரு வாய்ப்புக் கிட்டியது. ஒரே கரிப்படை, ஒரேவகை இயந்திரம், ஏறத்தாழ ஒரேயளவு ஆட்கள். ஆனால் ஒரு முகத்தில் வழமையான துண்டுபட்ட ஒழுங்கு, மற்றதில் கூட்டு ஒழுங்கு. கூட்டு முகத்தில் நாற்பத்தொரு பேர். அவர்கள் தம் குழுவைத் தாமே சேர்த்தவர்கள். ஒரு முறையார் விட்ட இடத்திலிருந்து அடுத்த முறையார் தொடங்குவர். நிரப்பும் வேலை எஞ்சியிருந்தால் வந்தவர் நிரப்புவர், முடிந்திருந்தால் அடுத்த வேலையைத் தொடங்குவர். எவரும் இது என் தொழிலன்று எனக் கைகட்டி நிற்பதில்லை. முழுக்குழுவுக்கும் ஒரே சம்பளச் சீட்டு. அதனைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர். மூன்று வேளைகளில் வெவ்வேறாய் நின்றோரை ஒரே குடும்பத்தாராய்ப் பிணைத்ததில் அந்தச் சீட்டுக்குப் பெரும்பங்குண்டு. இரவில் ஒருவன் செய்த கோணல் வேலைக்குரிய நட்டம் காலையில் அவனது பங்கிலும் குறைந்தது.

முடிவுகள் 1963இல் நூலாக வெளிவந்தன. அம்முகங்களிலிருந்து பெறக்கூடிய உற்பத்தியை நூறு எனக் கொண்டால், வழமை ஒழுங்கு 78ஐயும் கூட்டு ஒழுங்கு 95ஐயும் எட்டின. வேலைக்கு வராமை வழமை முகத்தில் நூற்றுக்கு 20. கூட்டு முகத்தில் 8.2. காரணமின்றி வராதோர் 4.3இலிருந்து 0.4 ஆகக் குறைந்தனர் என்பதைவிட, விபத்தினால் வராதோர் 6.8 ஆகவும் 3.2 ஆகவும் இருந்தனர் என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, நசுங்காத விரல்களும் முறியாத முதுகுகளுமாகும். இரண்டே முகங்களின் ஒப்பீட்டைக் கொண்டு உலகுக்கெல்லாம் விதி வகுத்தல் பொருந்துமோ என்று கேட்போர் உளர், அக்கேள்வி நியாயமானதே. ஆனால், இயந்திரம் இவ்வாறிருப்பதால் வேலையொழுங்கும் இவ்வாறுதான் இருந்தாக வேண்டும் என்ற பழைய வாதத்தை முறிப்பதற்கு இரண்டு முகங்கள் போதும்.

இதே நிறுவனத்தைச் சேர்ந்த கெனத் றைஸ் என்பவர் 1953இல் இந்தியாவின் அகமதாபாத் நகரிலுள்ள கலிக்கோ ஆலைக்குச் சென்றார். கௌதம் சாராபாய் தலைவராயிருந்த அந்த ஆலையில் தானியங்கித் தறிகள் புதிதாக நிறுவப்பட்டிருந்தும், எதிர்பார்த்த பயன் விளையவில்லை. இயந்திர ஆய்வாளர் கணக்கிட்டபடியே ஆட்கள் நிறுத்தப்பட்டிருந்தனர்; தறிக்கூடத்தில் 29 பேர், பன்னிரண்டு வகை வேலை. நெய்வோன் ஒருவன் முப்பதளவான தறிகளைப் பார்ப்பான். ஊடைநூல் நிரப்புவோன் ஒருவன் நாற்பது ஐம்பது தறிகளை. இழை அறுந்தவிடத்துச் சீர்செய்வோன் ஒருவன் எழுபதளவானவற்றை. ஆகவே யார் யாரோடு சேர்ந்தவர் என்பது எவருக்கும் தெளிவில்லை. நெய்வோன் தன் தறி நின்றால் அழைக்கவேண்டியவன், அந்நேரம் வேறொரு நெய்வோனின் தறியில் நிற்பான். யோக்சயரின் நிலத்தடியில் இருளும் வேளையும் செய்த பிரிவினையை இங்கே பட்டப்பகலில் எண்கணக்கே செய்திருந்தது.

குறிப்பிட்ட தொகைத் தறிகளுக்கு ஒரு சிறு குழுவே முழுப்பொறுப்பு என்னும் எண்ணத்தை றைஸ் முகாமையினரிடம் கூறினார். திட்டம் நன்கு தீட்டப்படுமுன்னரே மேற்பார்வையாளரும் தொழிலாளரும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். ஏழு ஏழு பேராகக் குழுக்களைத் தாமே சேர்த்துக்கொண்டு பெயர்ப் பட்டியலோடு வந்து நின்றனர். இங்கும் சுரங்கத்திற் கண்டதே நிகழ்ந்தது. தொடக்கத்தில் இடர்ப்பாடுகள் தோன்றி, அவை தீர்க்கப்பட்டபின், தறிகளின் இயக்கத்திறன் நூற்றுக்கு 80 அளவிலிருந்து 95 ஆக உயர்ந்தது. பழுதுற்ற துணி நூற்றுக்கு 32 அளவிலிருந்து 20 ஆகக் குறைந்தது.

இயந்திரமும் மனிதக் கூட்டமும் ஒன்றையொன்று சார்ந்த ஒரே அமைப்பு, ஒன்றை மட்டும் திருத்தி மற்றதைக் கைவிட்டால் இரண்டும் கெடும் என்னும் இக்கொள்கை, பின்னர் பல நாடுகளுக்குச் சென்றது. 1960களில் நோர்வேயில் அரசும் தொழிற்சங்கமும் முதலாளிமாரும் கூடி இதனைச் சோதித்தனர். சுவீடனில் வொல்வோ மோட்டார் நிறுவனம் 1974இல் கல்மார் நகரில் அமைத்த தொழிற்சாலையிலே, நகரும் பட்டியைக் கைவிட்டுக் குழுக்களிடமே மோட்டார்களைப் பூட்டும் பொறுப்பை ஒப்படைத்தது. அத்தொழிற்சாலை 1994இல் மூடப்பட்டது.

பிறந்த இடத்தில் அது வளரவில்லை. டறம் ஆய்வு நூல் வெளியான வேளையிலேயே, வெட்டுதலையும் ஏற்றுதலையும் ஒருங்கே செய்யும் புதிய இயந்திரங்கள் பழைய மூன்றுமுறைச் சுற்றை அழித்துக்கொண்டிருந்தன. 1966இல் நாடு முழுவதற்குமான ஒப்பந்தம் வந்து, அத்தகைய இயந்திர முகங்களில் துண்டுக்கூலி ஒழிந்து நாட்கூலி நிலைபெற்றது. குழு தானே பேசிப் பெற்றுத் தானே பங்கிட்ட சீட்டுக்கு அங்கே இடமில்லாது போயிற்று. அதன்பின் சுரங்கங்களே ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டறம் கரிநிலத்தின் கடைசி ஆழ்சுரங்கம் 1993இலும், பிரித்தானியா முழுவதற்கும் கடைசியானது 2015 டிசம்பரிலும் மூடப்பட்டன.

அகமதாபாத்தில் நிகழ்ந்ததை அறிவதற்கு, றைஸோடு பணியாற்றிய எரிக் மில்லர் 1970இல் அங்கு சென்றார். குழுமுறை தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. சந்தை மாறி, பலவகைத் துணிகளை விரைந்து மாற்றி நெய்யும் நெருக்கடி வந்தபோது, மேலிருந்தோர் குழுவின் காரியங்களில் தலையிடத் தொடங்கியிருந்தனர். தானியங்கித் தறிக்கூடங்களிலே குழுமுறை பெரும்பாலும் தேய்ந்து பழைய ஒழுங்கு மீண்டிருந்தது. தானியங்காத சாதாரணத் தறிகள் நின்ற ஒரு கூடத்தில் மட்டும் நெருக்கடி அவ்வளவாகத் தாக்கவில்லை. அங்கே குழுக்கள், தொடங்கிய காலத்தில் இருந்தபடியே, தம் தறிகளைத் தாமே பார்த்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தன.